பச்சப்புள்ளைக்கு எதுக்கு பிரஷர் பாக்குறீங்க?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, மறுநாள் அறுவை சிகிச்சைக்கு இருக்கும் குழந்தைகளைப் பார்க்க வார்டுக்குப் போயிருந்தேன். ஜன்னலோரக் கட்டிலில் இரண்டு மாதப் பையன். 34 வாரத்திலேயே பிறந்துவிட்டவன். இப்போது எடை 3 கிலோ 200 கிராம். வலது பக்கம் குடலிறக்கம். அழும்போதெல்லாம் தொடை இடுக்கில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்துக்கொண்டு வரும். நான் அவன் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவனுடைய அம்மா கேட்டார்:

"ஏன் டாக்டரம்மா, பச்சப்புள்ளைக்குப் போயி எதுக்கு பிரஷர் பாக்குறீங்க? அதெல்லாம் வயசானவங்களுக்கு வர்றதுதானே?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவும் சேர்ந்துகொண்டார். "எனக்குத்தான் தாயி பிரஷர் மாத்திரை. அவனுக்கு என்ன கவலை, பிரஷர் வர்றதுக்கு?"

இன்னும் நான்கு குழந்தைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு வரியில் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது சரியான பதில் இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் மயக்க மருத்துவர். 22 வருடமாக இதுதான் வேலை, அதில் பெரும்பகுதி குழந்தைகளோடு. அந்த அம்மா கேட்ட கேள்வியைச் சுற்றித்தான் என் ஒவ்வொரு நாளும் ஓடுகிறது. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

'பிரஷர்' என்பதே நம் ஊரில் ஒரு நோயின் பெயராகிவிட்டது. "அவருக்கு பிரஷர் இருக்கு" என்கிறோம். உண்மையில் பிரஷர் எல்லோருக்கும் இருக்கிறது. இருந்தால்தான் ரத்தம் தலை வரை போகும். ரத்தக்குழாய்க்குள் ரத்தம் ஓடும்போது குழாயின் சுவரை எவ்வளவு அழுத்துகிறது என்ற கணக்கு அது, அவ்வளவுதான். மருந்துக்கடையிலும் வீட்டிலும் நாம் பயப்படுவது அது ஏறுவதற்கு. ஆபரேஷன் தியேட்டருக்குள் நான் பயப்படுவது அது இறங்குவதற்கு.

குழந்தைகளுக்கு அந்த எண் பெரியவர்களுடையது போல இருக்காது. 120-க்கு 80 என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் நாளில் மேல் எண் 60, 70 இருந்தாலே போதும். ஒரு வயதில் 90-ஐ ஒட்டி வரும். அப்புறம் வயதுக்கேற்ப மெல்ல ஏறும். ஒன்றிலிருந்து பத்து வயது வரை எங்களுக்கு ஒரு மனக்கணக்கு உண்டு: வயதை இரண்டால் பெருக்கி 90-ஐக் கூட்டினால் வழக்கமான மேல் எண். 90-க்குப் பதில் 70-ஐக் கூட்டினால் அதற்குக் கீழே போகக் கூடாத எண். ஐந்து வயதுக் குழந்தைக்கு 100 இருந்தால் இயல்பு, 80-க்குக் கீழே போனால் ஆபத்து. குறைமாதக் குழந்தைக்கு வேறு கணக்கு. எத்தனை வாரத்தில் பிறந்ததோ, சராசரி அழுத்தம் (மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையில் வருவது) குறைந்தது அந்த எண்ணாவது இருக்க வேண்டும் என்று பச்சிளங்குழந்தை வார்டில் சொல்வார்கள். 30 வாரத்தில் பிறந்ததற்கு 30.

நான் முதுநிலைப் படிப்பில் சேர்ந்த புதிதில், அதுவரை பெரியவர்களை மட்டுமே பார்த்திருந்த பழக்கத்தில், பிறந்து நான்கு நாளான ஒரு குழந்தைக்கு மானிட்டரில் 64-க்கு 36 என்று வந்ததைப் பார்த்து ஓடிப்போய் சீனியரைக் கூப்பிட்டேன். அங்கே இருபது வருடமாக இருந்த சிஸ்டர் என் தோளைத் தொட்டு, "நல்ல பிரஷர்தான் டாக்டர், உக்காருங்க" என்றார். அன்றைக்குத்தான் உட்கார்ந்து அந்தக் கணக்கை எல்லாம் மனப்பாடம் செய்தேன்.

சரி, அளப்பதற்கு வருகிறேன். அங்கேதான் பாதி சிக்கல்.

எங்கள் தியேட்டரில் குழந்தைகளுக்கான பட்டைகள் ஒரு தனி டப்பாவில் இருக்கும். மிகச் சின்னது என் இரண்டு விரல் அகலம். அந்தப் பையனுக்குச் சுற்றியது கிட்டத்தட்ட தீப்பெட்டி அகலம். பட்டைக்குள் காற்று நிரம்பும் பை இருக்கிறதே, அதன் அகலம் கையின் சுற்றளவில் நூற்றுக்கு நாற்பது பங்கு இருக்க வேண்டும். நீளம் கையைக் கிட்டத்தட்ட முழுதும் சுற்றி வர வேண்டும். பட்டை சின்னதாக இருந்தால் பிரஷர் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும், பெரிதாக இருந்தால் குறைத்துக் காட்டும். குறைத்துக் காட்டினால் தேவையில்லாமல் கொஞ்சம் பதறுவோம். அதிகமாகக் காட்டுவதுதான் எனக்குப் பயம். உள்ளே குழந்தையின் அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும், மானிட்டர் எல்லாம் நலம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். அவசரத்தில் கைக்குக் கிடைத்த பட்டையைச் சுற்றும் பயிற்சி மருத்துவர்களிடம் நான் கடுமையாகப் பேசிவிடுவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

இந்தத் தவறு கருவியோடு கூடவே பிறந்தது. கையில் பட்டை சுற்றிக் காற்றடித்து அளக்கும் முறையை 1896-ல் கொண்டுவந்தவர் இத்தாலியின் துரின் நகரத்து மருத்துவர் ஷிப்பியோனே ரீவா ரோச்சி. சைக்கிள் டியூப், மைக்கூடு, செப்புக் குழாய், பாதரசம் என்று கைக்கு எட்டியதை வைத்தே செய்தார். அவருடைய பட்டை ஐந்து சென்டிமீட்டர் அகலம்தான்; அதனால் அளவு கூடுதலாக வந்தது. 1901-ல் ரெக்லிங்ஹவுசன் என்ற ஜெர்மன் மருத்துவர் அதை அகலப்படுத்தினார். ரீவா ரோச்சி பிற்காலத்தில் பவியா பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவம் கற்பித்தார் என்று படித்தபோது எனக்கு என்னவோ மனசுக்கு நெருக்கமாக இருந்தது.

அவருடைய கருவி தியேட்டருக்குள் வந்த கதையும் சொல்ல வேண்டியதுதான். பாஸ்டனில் மருத்துவ மாணவராக இருந்த ஹார்வி குஷிங் ஒரு நோயாளிக்கு ஈதர் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்த நோயாளி இறந்துபோனார். அந்தக் காலத்தில் மயக்க மருந்து கொடுப்பது மாணவர்களின் வேலை. மனமுடைந்துபோன குஷிங்கும் நண்பர் காட்மனும் 1894-ல், மயக்கத்தில் இருப்பவரின் நாடித்துடிப்பைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை தாளில் குறித்துவைக்கத் தொடங்கினார்கள். 1901-ல் குஷிங் பவியாவுக்குப் போனபோது ரீவா ரோச்சியின் கருவியைப் பார்த்து, ஒன்றை அமெரிக்காவுக்கு எடுத்துப்போனார். அதன்பின் அந்தத் தாளில் பிரஷருக்கும் இடம் வந்தது. இன்றைக்கும் நான் ஒவ்வொரு குழந்தைக்கும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்கும் தாள், ஒரு மாணவரின் குற்ற உணர்ச்சியிலிருந்து வந்தது.

இப்போது காற்றடிப்பது, இறக்குவது, கணக்குப் போடுவது எல்லாம் இயந்திரமே செய்துவிடுகிறது. 1970-களில் டைனமாப் என்ற பெயரில் அந்த வகைக் கருவி வந்தது. பட்டையில் காற்றை நிரப்பி மெதுவாக இறக்கும்போது, உள்ளே நாடி துடிக்கும் அதிர்வு பட்டைக்குள் தெரியும். அந்த அதிர்வு எங்கே உச்சமோ அதுதான் சராசரி அழுத்தம். மேல் எண்ணும் கீழ் எண்ணும் அதிலிருந்து இயந்திரம் தனக்குள் வைத்திருக்கும் சூத்திரப்படி கணக்கிட்டுச் சொல்வது. மானிட்டரில் இரண்டு பெரிய எண்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சின்னதாக ஒரு எண் இருக்கும். தியேட்டர் வாசலில் எட்டிப் பார்க்கும் அப்பாக்களின் கண் பெரிய எண்ணுக்குப் போகும். குழந்தைகளிடம் என் கண் முதலில் போவது அந்தச் சின்ன எண்ணுக்கு.

அந்த இயந்திரத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. மூன்று நிமிடம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் அளக்கும். குழந்தை கையை அசைத்தாலோ அறுவை மருத்துவர் சாய்ந்து நின்றாலோ எண்ணுக்குப் பதில் கோடு வரும். மறுபடி காற்றடிக்கும், மறுபடி கோடு. கைக்குழந்தையிடம் மூன்று நிமிடம் என்பது நீண்ட நேரம். அந்த இடைவெளியில் என்ன செய்வது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் பேராசிரியை. குழந்தையின் நெஞ்சில் ஒரு ஸ்டெதாஸ்கோப் முகப்பை பிளாஸ்திரி போட்டு ஒட்டி, அதன் குழாயை ஒரு காதில் மாட்டிக்கொண்டு அறுவை முடியும்வரை உட்கார்ந்திருப்பார். பிரஷர் நன்றாக இருக்கும்போது இதயச் சத்தம் 'லப்டப்' என்று தெறிப்பாகக் கேட்கும். இறங்க ஆரம்பித்தால் சத்தம் மங்கி, தூரத்துக்குப் போவதுபோல ஆகும். "மெஷின் சொல்றதுக்கு முன்னாடி அது உன் காதுல சொல்லும்" என்பார். இன்று அந்த வழக்கம் குறைந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அவரிடம் கற்றுக்கொண்ட இன்னொன்றை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. ஓர் இரவு, ஆறு வயதுப் பையனை அவசரமாகக் கொண்டுவந்தார்கள். காலையில் டான்சில் எடுத்திருந்தது, இரவில் தொண்டையில் ரத்தம் கசிகிறது. வாயில் பெரிதாக ரத்தம் ஒன்றும் தெரியவில்லை. "சும்மா சும்மா எச்சில் முழுங்குறான்" என்று மட்டும் அவன் அம்மா சொன்னார். நான் பிரஷர் பார்த்தேன்: 96-க்கு 58. ஆறு வயதுக்கு ஏறக்குறைய சரியான எண். பேராசிரியையைப் போனில் கூப்பிட்டு, "பி.பி. நார்மல் மேடம், தியேட்டருக்கு எடுத்துடலாமா?" என்றேன். "நான் வர்றேன்" என்று மட்டும் சொன்னார். வந்தவர் மானிட்டரைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்துப் பையனின் பாதத்தில் வைத்தார். சில்லென்று இருந்தது. அப்புறம் முழங்கால் வரை நகர்த்தினார். முழங்காலுக்கு மேலேதான் சூடு. நெற்றியில் விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் சிவக்க நான்கு நொடி ஆனது. நாடித்துடிப்பு 158. "ஏம்மா, இது நார்மலா?" என்றார்.

அவன் ரத்தத்தை விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறான். குழந்தையின் உடம்பு ரத்தம் குறையும்போது சட்டென்று விட்டுக்கொடுக்காது. கை, கால், தோல், குடல் என்று எல்லா இடத்திலும் ரத்தக்குழாய்களை இறுக்கி, இதயத்தை வேகமாக ஓட்டி, மூளைக்கும் இதயத்துக்கும் போக வேண்டியதைக் காப்பாற்றிவிடும். தோட்டத்துக் குழாயில் தண்ணீர் குறைவாக வரும்போது வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் சீறிக்கொண்டு பாயுமே, அதுபோல. உள்ளே தண்ணீர் குறைவு. வெளியே சீற்றம் அப்படியே இருக்கும். மொத்த ரத்தத்தில் கால் பங்குக்கு மேல் போகும்வரைகூடக் குழந்தைகளின் பிரஷர் பிடித்து நிற்கும், அதன்பின் ஒரேயடியாக விழும். நாடியின் வேகம், பாதத்தின் குளிர்ச்சி, மூத்திரத்தின் அளவு எல்லாம் பேசி முடித்த பிறகு, கடைசியாகத்தான் பிரஷர் பேசும்.

மயக்க மருந்து என்ன செய்யும் தெரியுமா? அந்தக் கட்டைவிரலை எடுத்துவிடும். பயம் போகும், இறுக்கம் போகும், ரத்தக்குழாய்கள் எல்லாம் விரிந்துகொள்ளும். அந்தப் பையனை நான் சொன்ன நேரத்தில் மயக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு கையிலும் டிரிப் ஏற்றும் ஊசிக்குழாய் (வென்ஃப்ளான்) போட்டு, கிலோவுக்கு 20 மில்லி கணக்கில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீரை ஏற்றி, ரத்தத்துக்கும் சொல்லி, நாடி 120-க்கு இறங்கிய பிறகுதான் தியேட்டருக்குள் எடுத்தோம். அப்படியும் மயக்கியதும் மேல் எண் 76-க்கு வந்தது. மறுபடி ஏற்றினோம், சரியானது. மூன்றாம் நாள் அவன் ஐஸ்கிரீம் கப்போடு வீட்டுக்குப் போனான்.

கைக்குழந்தைகளிடம் இதெல்லாம் இன்னும் நுட்பம். நம் இதயம் தேவைப்பட்டால் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தைத் தள்ளும். பச்சிளங்குழந்தையின் இதயத்தால் அது பெரிதாக முடியாது. அதன் தசை விறைப்பானது, விரிந்து கொடுக்காது. வேகமாகத் துடிப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வழி. ஆக, துடிப்பு குறைந்தால் பிரஷரும் கூடவே போய்விடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 என்பது நல்ல நாடி. இரண்டு மாதக் குழந்தைக்கு 60 என்றால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். அப்படித் துடிப்பு குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் மூச்சு. ஆக்சிஜன் குறைந்தால் குழந்தையின் இதயம் மெதுவாகும். அதனால் துடிப்பு இறங்கும்போது முதலில் போக வேண்டியது துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் ஊசியிடம் இல்லை. முகமூடியிடம், மூச்சு கொடுக்கும் காற்றுப் பையிடம், மூச்சுக்குழாயிடம். அட்ரோபின் அதற்குப் பின்னால்.

ரத்தத்தின் அளவையும் நினைத்துப் பாருங்கள். அந்த 3 கிலோ 200 கிராம் பையனின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தம் சுமார் 250 மில்லி. ஒரு பெரிய டம்ளர் காப்பி. அதில் 25 மில்லி போனால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. நனைந்த பஞ்சுத் துணிகளை நாங்கள் எடைபோட்டுப் பார்ப்பது இதனால்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது கஞ்சத்தனமான கணக்காகத் தெரியலாம்.

மயக்க மருந்துகளும் இப்போது கொஞ்சம் கருணை உள்ளவையாகிவிட்டன. நான் படித்த காலத்தில் குழந்தைகளுக்கு ஹாலோதேன். இதயத்தையே மந்தப்படுத்தும், துடிப்பையும் இறக்கும். இப்போது செவோஃப்ளுரேன். மணம் உறுத்தாது, ஹாலோதேன் அளவுக்கு இதயத்தை அமுக்காது. ஆனாலும் அது ரத்தக்குழாய்களை விரிக்கத்தான் செய்யும். குழந்தையின் உடம்பில் தண்ணீர் குறைவாக இருந்தால் பிரஷர் விழத்தான் செய்யும்.

தண்ணீர் ஏன் குறைகிறது? இங்கேதான் எனக்குக் கோபம் வரும்.

நான் முன்பு போய்வந்துகொண்டிருந்த ஒரு மருத்துவமனையில், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று காலை எட்டு மணிக்கு முதல் கேஸ் என்று பட்டியலில் இருந்தது. வழக்கம்போல, "ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல ஒண்ணும் குடுக்கக் கூடாது" என்று வார்டில் சொல்லிவிட்டார்கள். காலையில் ஓர் அவசர கேஸ் வந்தது, அப்புறம் இன்னொன்று. குழந்தையை உள்ளே கொண்டுவந்தபோது மணி ஒன்றரை. அழுது அழுது ஓய்ந்துபோய், உதடு காய்ந்து, தோளில் கிடந்தது. நானும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. முகமூடி வைத்து மயக்கி இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், பட்டை காற்றடித்து நின்றது: 54-க்கு 26. அடைப்புக்குறிக்குள் 35. நாடி 165. வாயுவைக் குறைத்தேன். பெரிய சிரிஞ்சில் ரிங்கர் லாக்டேட்டை இழுத்து, கிலோவுக்கு 10 மில்லி, கையாலேயே தள்ளினேன். மறுபடி ஒரு 10. எட்டு நிமிடத்தில் 78 வந்தது. அந்த எட்டு நிமிடமும் என் இடது கை விரல் குழந்தையின் முழங்கை மடிப்பில் நாடி மேல்தான் இருந்தது.

பிறகு வெளியே வந்து அம்மாவிடம் கேட்டேன். "நேத்து ராத்திரி பத்து மணிக்குக் குடிச்ச பால்தான் மேடம். காலையிலேர்ந்து தண்ணி தண்ணின்னு கை நீட்டுச்சு. குடுத்தா ஆபரேஷன் நின்னுபோயிரும்னு சொன்னாங்க, மனச கல்லாக்கிக்கிட்டு இருந்தேன்." பதினைந்தரை மணி நேரம். அந்த அம்மா சொன்னதைச் செய்தார். தப்பு எங்கள் பக்கம்தான், என்னையும் சேர்த்து.

பட்டினி எதற்கு என்றால், மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது. அது உண்மையான ஆபத்து. அதில் சமரசம் கிடையாது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே நேரம் இல்லை. சாப்பாடு, பசும்பால், பவுடர் பால் என்றால் ஆறு மணி நேரம். தாய்ப்பால் என்றால் நான்கு. தெளிந்த தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் என்றால் இரண்டு மணி நேரம் போதும் என்று பல வருடங்களாகவே விதி இருக்கிறது. 2018-ல் ஐரோப்பாவின் குழந்தை மயக்கவியல் சங்கங்கள் சில சேர்ந்து, நல்ல ஆரோக்கியமான குழந்தைக்குத் தண்ணீர் ஒரு மணி நேரம் முன்பு வரைகூடக் கொடுக்கலாம் என்று அறிவித்தன. தண்ணீர் குழந்தையின் வயிற்றை விட்டு அவ்வளவு வேகமாக இறங்கிவிடும். நீண்ட பட்டினிக்கும் மயக்கியவுடன் பிரஷர் விழுவதற்கும் தொடர்பு இருப்பதை அதன்பின் வந்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

அந்தக் குழந்தைக்குப் பிறகு நான் வேலை செய்யும் இடங்களில் ஒரு வழக்கத்தைப் பிடிவாதமாகக் கொண்டுவந்துவிட்டேன். பட்டியலில் சின்னக் குழந்தைகள் முதலில். தாமதமானால் தியேட்டரிலிருந்தே வார்டுக்குப் போன்: "மூணாம் நம்பர் கட்டில் பாப்பாவுக்கு இப்பவே அரை டம்ளர் தண்ணி குடுங்க, எத்தனை மணிக்குக் குடுத்தீங்கன்னு எழுதுங்க." இதைப் படிக்கும் பெற்றோர் யாராவது குழந்தையை அறுவைக்குக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், "தண்ணி எத்தனை மணி வரைக்கும் குடுக்கலாம்?" என்று தனியாக ஒரு கேள்வி கேளுங்கள். நேரம் தள்ளிப்போனால் மறுபடி கேளுங்கள். நீங்களாகவே கொடுத்துவிடாதீர்கள், கேட்டுக் கொடுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

சரி, எவ்வளவு இறங்கினால் அது ஆபத்து? இதற்கு எங்கள் துறையில் இன்னும் ஒரே பதில் இல்லை. 2009-ல் குழந்தை மயக்க மருத்துவர்களிடமே நடத்திய ஒரு கணிப்பில், பெரும்பாலோர் மயக்கத்துக்கு முன் இருந்ததைவிட 20 முதல் 30 சதவீதம் இறங்கினால் என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மயக்கத்துக்கு முன் ஒன்றரை வயதுக் குழந்தையிடம் ஒழுங்காக பிரஷர் பார்த்தவர் யார்? வீறிட்டு அழும் குழந்தையிடம் வரும் எண் அதன் கோபத்தின் அளவு. 2016-ல் பல மருத்துவமனைகளின் பதிவேடுகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மயக்கப் பதிவுகளை எடுத்து, வயதுவாரியாக ஓர் அளவுக்கோடு வரைந்தார்கள். மயக்கிய பிறகு, கத்தி வைப்பதற்கு முன், நடுவில் இருக்கும் குழந்தையின் சராசரி அழுத்தம் பிறந்த குழந்தைக்கு 33, பதினெட்டு வயதில் 67. எனக்கு மிகவும் பயன்படும் தாள் அது. ஆனால் அது வழக்கமாக எவ்வளவு வருகிறது என்றுதான் சொல்கிறது. எவ்வளவு இருந்தால் மூளைக்குப் போதும் என்று சொல்லவில்லை. இந்த இரண்டையும் இளம் மருத்துவர்கள் குழப்பிக்கொள்வதைப் பார்க்கிறேன்.

கவலை மூளையைப் பற்றித்தான். பாஸ்டனிலிருந்து 2014-ல் வந்த ஒரு கட்டுரை ஆறு கைக்குழந்தைகளைப் பற்றியது. பெரிய ஆபத்து இல்லாத அறுவை சிகிச்சைகள்தான். முடிந்து ஒரு நாள் அளவில் வலிப்பு வந்தது, மூளையில் ரத்தம் போதாமல் போனதற்கான அடையாளங்கள். திரும்பிப் பார்த்தால், அறுவையின்போது நெடுநேரம் பிரஷர் தாழ்ந்தே இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் 'அந்த வயசுக்கு இவ்வளவுதான் இருக்கும்' என்று யாருக்கும் தோன்றியிருக்கலாம். அந்தக் கட்டுரையைப் படித்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. ஐரோப்பாவில் பச்சிளங்குழந்தைகள் ஐயாயிரம் பேருக்கு மேல் சேர்த்து 2021-ல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மயக்கங்களில் மருத்துவர் ஏதாவது ஒன்றைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அதில் முதலிடம் ரத்த ஓட்டக் கோளாறுக்கு, குறிப்பாகத் தாழ்ந்த பிரஷருக்கு.

மூளைக்குப் போகும் ரத்தம் பிரஷரை மட்டும் நம்பியும் இல்லை. மூச்சு கொடுக்கக் கையில் வைத்திருக்கும் காற்றுப் பையை நான் பதற்றத்தில் வேகவேகமாக அமுக்கினால் குழந்தையின் உடம்பில் கரியமில வாயு குறையும், மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். பிரஷர் அதே எண்ணில் இருக்கும், மூளைக்குப் போவது குறைந்திருக்கும். ஹீமோகுளோபின், சர்க்கரை, உடம்புச் சூடு எல்லாம் இதில் சேரும். நெற்றியில் ஒட்டி மூளைத் திசுவின் ஆக்சிஜனை ஒளியால் அளக்கும் வில்லைகள் வந்துவிட்டன. விலைதான் கையைக் கடிக்கிறது. அது எல்லா ஊர் தியேட்டருக்கும் வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

அந்த இரண்டு மாதப் பையனிடம் திரும்பி வருகிறேன். குறைமாதத்தில் பிறந்த இவ்வளவு சின்னக் குழந்தைகள் முழு மயக்கத்துக்குப் பிறகு மூச்சை மறந்துவிடுவதுண்டு. அதனால் முதுகில் ஊசி போட்டு, விழித்திருக்கும்போதே செய்துவிடலாம் என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "எனக்கு சிசேரியனுக்கு அந்த ஊசிதான் போட்டாங்க டாக்டரம்மா. போட்டதுமே கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு. பிரஷர் இறங்கிருச்சுன்னு ஓடிவந்தாங்க. வாந்தியா எடுத்தேன். இவன் தாங்குவானா?"

நல்ல கேள்வி. பதிலும் இதில் எனக்குப் பிடித்த அதிசயம். பெரியவர்களுக்கு முதுகில் ஊசி போட்டால் கால்களின் ரத்தக்குழாய்கள் விரிந்து, ரத்தம் அங்கே தேங்கி, பிரஷர் இறங்கும். ஐந்தாறு வயது வரை குழந்தைகளுக்கு அப்படி ஆவது அபூர்வம். அவர்களின் கால்கள் உடம்பின் சின்னப் பகுதி. அந்த ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புக் கட்டுப்பாடும் இன்னும் முதிரவில்லை. பிடிக்காத ஒன்றை விடச் சொல்ல முடியாதே. ஏழு நாடுகளில் 28 மருத்துவமனைகளில் 722 கைக்குழந்தைகளுக்குக் குடலிறக்க அறுவையை, சிலருக்கு முழு மயக்கத்திலும் சிலருக்கு முதுகு ஊசியிலும் செய்து பார்த்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. ஐந்து வயதில் அவர்களின் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை என்று 2019-ல் சொன்னது அதுதான். சுமார் ஒரு மணி நேர மயக்கத்தைப் பற்றிப் பெற்றோர் கவலைப்பட வேண்டாம் என்று அதை வைத்துத்தான் தைரியமாகச் சொல்கிறேன். அதே ஆய்வில், முதுகு ஊசி போட்ட குழந்தைகளுக்கு பிரஷர் இறங்கியது குறைவு. அந்த அம்மாவிடம் ஆய்வைச் சொல்லவில்லை. "உங்களுக்கு ஆன மாதிரி அவனுக்கு ஆகாதும்மா. அந்த வயசுக்கு அது ஒரு வரம்" என்றேன்.

புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அவன்தான் முதல். சிஸ்டர் அவனை உட்கார வைத்து, தாடை நெஞ்சில் அழுந்தாமல் தலையைத் தாங்கிப் பிடித்தார். ஒரு சொட்டு முதுகுத்தண்டு நீர், கண்ணீர் மாதிரி தெளிவாக, ஊசியின் முனையில் வந்து நின்றது. முக்கால் மில்லிக்கும் குறைவான மருந்து. படுக்கவைத்து ஒரு நிமிடத்தில் உதைத்துக்கொண்டிருந்த கால்கள் துவண்டன. பட்டையைக் கையிலிருந்து கழற்றிக் கெண்டைக்காலில் சுற்றினேன். மரத்த காலில் காற்றடித்தால் அவனுக்குத் தெரியாது, விழித்து அழமாட்டான். அடைப்புக்குறிக்குள் 52. சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த துணியை உதட்டில் வைத்ததும் சப்பத் தொடங்கி, தொடங்கியதை மறந்து தூங்கிவிட்டான். 50. 51. 49. நாற்பது நிமிடமும் அப்படியே.

வார்டுக்குப் போனதும் பால் குடித்தான். மாலையில் நான் பார்க்கப் போனபோது அப்பத்தா மடியில் அவன் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டிருந்தார். மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று சுற்றி ஓடியது.

"இது என்ன தாயி தடம்?"

"பிரஷர் பார்த்த பட்டையோட தடம் அப்பத்தா. ராத்திரிக்குள்ள மறைஞ்சிரும்."

"இங்கயுமா பிரஷர் பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கோட்டின் மேலேயே மறுபடி தடவத் தொடங்கினார்.